சேதுவின் இலை

படையல் இலையிலிருந்து எடுத்து வாயில் போட்ட கறித்துண்டு ஏற்கெனவே மெல்லப்பட்டிருந்தது.

சந்திரிகா முதலில் அதை நம்பவில்லை. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். நாக்கால் புரட்டிப் பார்த்தபோது அது நார் நாராகப் பிரிந்து, சாறெல்லாம் உறிஞ்சிய சக்கையாக, வெதுவெதுவென்று இருந்தது. விரலால் வெளியே எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு.

"முழுங்கு தாயி," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் வேலம்மா. "துப்பக் கூடாது. அவன் சாப்ட்ட மிச்சம்லா."

புது மருமகள் என்ன செய்வாள்? விழுங்கினாள். பிறகு கொல்லைக்கு ஓடி, சாக்கடையோரம் குந்தி, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள்.

'அவன்' என்பது சேது. அவள் கணவன் தேவதாசின் தம்பி. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் இதே செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, மலேசிய இராணுவத்தில் சேர்ந்து, எண்பத்திரண்டில் தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளின் கண்ணிவெடியில் செத்துப்போனவன். பெட்டி ஆணியடித்து வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. சந்திரிகா கல்யாணமாகி வந்தது அதற்கு அடுத்த வருஷம், அவனை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். கோயில் சுவரிலும் அதே படம் மாட்டியிருந்தது. "நம்ம எஸ்டேட்டு பேரக் காப்பாத்துன பையன்லா," என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நாராயணசாமி அதைக் காட்டி நெஞ்சை நிமிர்த்துவார். பெருமை பேச யாருக்குத்தான் கசக்கும்? பேசுகிறவர்கள் யாரும் அவன் இலையில் மிஞ்சியதைத் தின்னவேண்டியதில்லை.

அமாவாசைதோறும் பொழுது சாயும் நேரத்தில் வேலம்மா வீட்டு உள்ளறையில் இருந்த அவன் படத்துக்கு முன்னால் இலை போடுவாள். மற்ற வீடுகளில் படைத்துவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். இவள் மட்டும் சன்னலை அடைத்து, கதவைச் சாத்தி, உள்ளேயே இருப்பாள். வெளியே வரும்போது இலை அவள் கையில் இருக்கும். அதை மருமகள்தான் சாப்பிட வேண்டும்.

"ஒங்கம்மா மென்னு துப்பி வைக்கிறாங்க," என்று அன்றிரவு கணவனிடம் சொன்னாள்.

"வயசான மனுசி. உப்பு பாத்திருக்கும். இதப் போயி பெருசா பேசிக்கிட்டு!" தேவதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரவாங் தொழிற்சாலையில் அமாவாசைக்கு அமாவாசை அவன் ஏன் மாலை ஷிப்டைக் கேட்டு வாங்குகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த அமாவாசையன்று மழை. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவு புளித்த நாற்றம் ஈரக்காற்றில் இறங்கி, வீட்டுக்குள் யாரோ கக்கி வைத்ததுபோல் நிறைந்திருந்தது. சந்திரிகா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு பலகைச் சுவரில் காதை வைத்தாள். உள்ளே மெல்லும் சத்தம். மாமியார்தான், சந்தேகமில்லை. வாய் நிறைய அடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், சளக் சளக்கென்று. பிறகு அது நின்றது.

வேறொரு சத்தம் ஆரம்பித்தது. மெல்லும் சத்தமில்லை. உறிஞ்சுகிற, சளி இழுக்கிற மாதிரி ஒன்று. நடுநடுவே தரையில் எதுவோ பொத்தென்று விழுந்தது.

"மெதுவா, மெதுவா," என்றாள் வேலம்மா, கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில். "எல்லாம் கீழ விழுது பாரு."

அன்று சந்திரிகா இலையைக் கொல்லையில் புதைத்தாள். தெருநாய் வந்து முகர்ந்துவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு போயிற்று.

அந்த மாதக் கடைசியில் வேலம்மாவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. கோலா சிலாங்கூருக்குக் கூட்டிப்போய், சொத்தையாய் மிஞ்சியிருந்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு வந்தான் தேவதாஸ். கிழவி குழைந்த கஞ்சி குடிப்பதைப் பார்த்துச் சந்திரிகாவுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. இனிமேல் எதை வைத்து மெல்வாள்? சனியன் விட்டது என்று நினைத்தாள்.

அமாவாசை வந்தது. இலை போட்டாயிற்று. "நீயும் உள்ள வா தாயி," என்று கையைப் பிடித்து இழுத்தாள் வேலம்மா. தாழ்ப்பாள் விழுந்தது.

கறிக்குழம்பு வாசம், சூடன் வாசம், இரண்டுக்கும் அடியில், மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். ஒற்றை விளக்கு. படத்துக்கு முன் தரை பிசுபிசுவென்று காலில் ஒட்டியது. எத்தனை கழுவினாலும் போகாத பிசுக்கு.

"பொட்டியத் தொறக்காதன்னாங்க," என்றாள் வேலம்மா. பல்லில்லாத வாயில் வார்த்தை வழுக்கியது. "வாய்க்கரிசி போடாம எப்புடி அனுப்புறது? எல்லாரும் அசந்தப்ப ஆணியப் புடுங்கிப் பாத்தேன். போடறதுக்கு வாய் இல்லடி. மூக்குக்குக் கீழ தாடையே இல்ல. வெறும் தொண்டக்குழி."

சந்திரிகா கதவுப் பக்கம் பின்வாங்கினாள்.

"பசி பசின்னு வந்து நிக்கிறான். மென்னு குடுத்தாதான் எறங்குது. இனி என்னால ஆவாது. நீதான் குடுக்கணும்."

"நான் மாட்டேன் அத்த. கதவத் தொறங்க."

கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்குத் திறந்த வாயில் சோறும் கறியுமாகத் திணித்தாள். "மெல்லு. நல்லா மெல்லு. அப்பறம் போலாம்."

மென்றாள். வேறு வழியில்லை. கொழுப்பு. நார். எச்சில். மெல்ல மெல்ல வாயில் பெருகியது. துப்பிவிட்டு ஓட வேண்டும். அவ்வளவுதான். இலையின் மேல் குனிந்தாள்.

மோவாய்க்கு அடியில் ஏதோ பட்டது.

கை. சில்லென்ற, ஊறிப்போன கை. வேலம்மாவின் கை இல்லை. வேலம்மா எதிரே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விரல்கள் உதட்டைப் பிரித்தன. நகத்தில் காட்டு மண். வாயிலிருந்ததை வழித்து எடுத்தன. இருட்டில் உறிஞ்சும் சத்தம். அவள் பாதத்தின் மேல் சூடாக ஒரு கவளம் விழுந்தது.

வாய் காலி. முடிந்தது. போகலாம்.

விரல்கள் திரும்பி வந்தன. அவள் கத்துவதற்குள் உள்ளே நுழைந்தன. கீழ்ப்பற்களை ஒவ்வொன்றாகத் தடவின. நாக்கை ஒதுக்கின. தாடையெலும்பைக் கண்டுபிடித்தன.

இரண்டு பக்கமும் பிடித்து, கழன்று வருமா என்று, மெதுவாக அசைத்துப் பார்த்தன.