இரண்டு தடவை கூட்டிய மார்க்கு

எதிர்வீட்டு மாயம்மாளின் மகளுக்கு பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் கிடைத்துவிட்டது. அவளைவிட முப்பத்தாறு மார்க்கு கூடுதல் வாங்கிய நாராயணனுக்கு அதே காலேஜில் கிடைக்கவில்லை. அது எப்படி? தோசைக்கல் புகைவதுகூடத் தெரியாமல் விசாலாக்ஷி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சிபாரிசு," என்றார் சிவசங்கரன். அவள் கணவனின் அண்ணா. அந்த மட்டாஞ்சேரி வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நாராயணன் அவர் பிள்ளை. "தொள்ளாயிரத்துக்கு ஐந்நூத்தி எழுபத்தாறு வாங்கினவனையே தள்ளிட்டா. உன் பொண்ணு ஐந்நூத்தி முப்பத்திமூணு. வெறுதே, வீணா அலையாண்டாம். டைப்ரைட்டிங்கிலே சேத்துடு."

விசாலாக்ஷியின் மகள் கமலாக்ஷி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். கணக்கில் நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தாறு. இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் பாஸ். அக்கரையில் இன்னொரு காலேஜ் இருந்தது. அங்கே அப்ளிகேஷனுக்கு இன்றுதான் கடைசி நாள்.

சிபாரிசா? அப்பளம் இட்டு வயிறு கழுவும் மாயம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்? விசாலாக்ஷி அடுப்பை அணைத்தாள். யாரையும் கேட்காமல் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்ப் படகு ஏறினாள்.

அப்ளிகேஷனைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பியபோது சிவசங்கரன் கூடத்தில் நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டுப் போனே? இங்கிலீஷ்லே முக்கி முக்கிப் பாஸானவளுக்கு பி.எஸ்ஸி.யாக்கும்..."

"அதுக்குக் காரணம் நீங்கதான் அண்ணா." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் குரல் உயர்ந்ததில்லை. "இங்கிலீஷ் ட்யூஷனுக்கு ஆத்திலேந்து ஒரு குழந்தை போனாப் போறும்னு சொன்னது யாரு? நாராயணன் போனான். சண்டை வேண்டாம்னு நான் வாயை மூடிண்டேன். அந்த நேரத்திலே இவ உங்க எல்லாருக்கும் மாவரைச்சா. இப்போ இங்கிலீஷ் வரலைன்னு பரிகாசம் பண்றேள்."

"ஆனா மொத்த மார்க்கு..."

"மொத்தத்தை அங்கே யாரும் பாக்கலை. பி.எஸ்ஸி.க்கு இங்கிலீஷையும் ஹிந்தியையும் கூட்ட மாட்டா. கணக்கு, பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணுதான். அதிலே எதைப் படிக்கப் போறாளோ, அதை ரெண்டாந்தடவையும் கூட்டுவா. எல்லாக் காலேஜுக்கும் இதே கணக்குதான்னு அங்கே நோட்டீஸ் போர்டிலேயே எழுதியிருக்கு. கணக்குக்கு இவளுக்கு அறுநூத்துக்கு ஐந்நூத்திப் பதினாலு வரது. பிஸிக்ஸுக்கு நாராயணனுக்கு முன்னூத்தி அம்பத்தாறுதான். மாயம்மா பொண்ணுக்கும் இப்படிக் கூட்டித்தான் கிடைச்சிருக்கு, சிபாரிசும் இல்லை, ஒண்ணும் இல்லை."

சிவசங்கரன் விரல் விட்டுக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கமலாக்ஷியின் தலையில் கை வைத்தார்.

"தப்பு என்னோடதாக்கும், விசாலம்... என் பிள்ளைக்கு இனி என்ன வழி?"

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் இடுப்பில் செருகியிருந்த இன்னொரு அப்ளிகேஷனை எடுத்து, கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த நாராயணன் முன்னால் வைத்தாள்.

"நாலு மணி வரைக்கும் வாங்குவா. இவனுக்கு பலம் இங்கிலீஷ்லே. பி.ஏ. இங்கிலீஷுக்கு அந்த மார்க்கைத்தான் கூட்டுவா, அதுக்கு எழுதட்டும். மொத்தத்தைப் பாக்காதேங்கோ. யாருக்கு எந்தப் பாடத்திலே பலமோ, அந்தப் பாடத்துக்கே போடணும்."