அணைத்த பெட்டி

சனிக்கிழமை முற்பகலில் ஆஷ்கோம்ப் புல்தரை விமானத்தளத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது, கொட்டகையில் எண்ணெய் நெடியும் கருகிய பன்றியிறைச்சி வறுவலின் மணமும் வழக்கம்போலக் கலந்திருந்தன. கிளைவ் ஹாதர்சேஜ் தன் நான்கு இருக்கை விமானத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தான். பின்னிருக்கையிலிருந்து குளத்துச் சேற்றின் நாற்றம் வீசியது.

"எலி ஏதாச்சும் செத்துக் கெடக்கா?" என்றேன்.

"நேத்துப் பூரா தேடிட்டேன்பா, ஒண்ணுமில்ல. மூக்கைப் பொத்திக்கிட்டு ஏறு, ஹெரால்ட். மகாராணி மாதிரி பிகு பண்ணாத."

அருகிலுள்ள பெரிய விமான நிலையத்தின் வான் எல்லைக்குள் இருமுறை அனுமதியின்றி நுழைந்தவன் அவன். இன்னொரு முறை நுழைந்தால் உரிமம் பறிபோகும். அதையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நீர்த்தேக்கத்தைக் கடந்ததும் கீழே மேகம் அடைத்துக்கொண்டது. வழிகாட்டிய கையடக்கத் திரை வெயிலில் சூடேறி அணைந்தது. திசைகாட்டும் கருவி தானாகச் சுழலத் தொடங்கியது.

"எங்க இருக்கோம்?"

"எல்லைக்கு வெளியதான்... இருக்கணும்."

ஹெட்போனில் கட்டுப்பாட்டாளரின் குரல் குறுக்கிட்டது. "எல்லைக்குள்ள வந்திருக்கிற சின்ன விமானம், யாருன்னு சொல்லுங்க."

கிளைவ் கையை நீட்டி, எங்கள் இருப்பையும் உயரத்தையும் ரேடாருக்குத் தெரிவிக்கும் பெட்டியை அணைத்தான்.

இதை எழுதவே கை கூசுகிறது. அப்பெட்டி அணைந்தால் நாம் உயரம் தெரியாத வெறும் புள்ளி. எதிரே வரும் பயணிகள் விமானத்தின் எச்சரிக்கைக் கருவிக்கும் தென்படமாட்டோம். ஓர் உரிமத்துக்காக நூறு உயிர்களைப் பணயம் வைக்கும் இக்கீழ்மைக்கு, எங்கள் விமானிகள் சங்கத்தில் 'கண்ணாமூச்சி' என்று செல்லப்பெயர் வேறு!

"போடுடா அதை!"

"கத்தாத. சத்தம் போடாம நழுவிடலாம். எல்லாரும் பண்றதுதான்."

நாற்றம் அடர்ந்தது.

அழுகிய பாசி. நீரில் ஊறிய கம்பளி. அவற்றுக்கும் அடியில், இனிப்பாய்க் குமட்டும் ஏதோ ஒன்று.

ஹெட்போனில் நீர் கொப்பளித்தது. பின்பு, ஒரு பெண்குரல்.

"நாங்கதான். உயரம் ரெண்டாயிரத்து நானூறு அடி."

அக்குரலை நான் அறிவேன். எங்கள் சங்கத்து ஐரிஸ் விண்டர்போர்னின் குரல். சென்ற இலையுதிர்காலத்தில், பனிமூட்டத்திலிருந்து திடீரென எதிர்ப்பட்ட ஒரு விமானத்துக்கு விலகப்போய், நீர்த்தேக்கத்தில் விழுந்து இறந்தவள். உடலை மூன்று வாரம் கழித்தே எடுத்தார்கள். அந்த இன்னொரு விமானம் எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. ரேடாரில் அதற்குப் பெயரே இல்லை.

"இடப்பக்கம் திரும்புங்க! உடனே!" கட்டுப்பாட்டாளர் அலறினார்.

கிளைவ் உறைந்திருந்தான். நான்தான் என் பக்கத்துச் சுக்கான் பிடியை இடப்பக்கம் திருப்பினேன். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பயணிகள் விமானம் பக்கத்தில் பாய்ந்து சென்றது. அதன் சன்னல்கள் தெரிந்தன.

பிறகு அக்குரல் மீண்டும் கேட்டது. இம்முறை ரேடியோவிலிருந்து வரவில்லை. எங்கள் தோள்களுக்குப் பின்னாலிருந்து.

"அன்னிக்கும் இப்படித்தானே அணைச்ச, கிளைவ்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அணைத்த பெட்டியையே வெறித்தான்.

 

தரையிறங்கியதும், கிளைவ் மீண்டும் பறந்துவிடாதபடி விமானத்து மின்கலத்தின் இணைப்பை நானே கழற்றினேன்; ரேடியோ உட்பட எல்லாம் அணைந்தன. அலுவலறைக்குப் போய்க் கட்டுப்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைக்கும்படி கிளைவை வற்புறுத்தினேன். எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை இயக்கினேன்.

"சார், அது நாங்க இல்ல," என்று அவன் தொடங்கினான், வெட்கமே இல்லாமல். "நாங்க அந்தப் பக்கமே வரல."

"உங்ககூட வந்த அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, மிஸ்டர் ஹாதர்சேஜ். உங்க பேரையும் சொன்னாங்க. போன வருஷம் நீர்த்தேக்கத்துக்கு மேல நடந்ததையும் சொன்னாங்க. அத்தனையும் பதிவாயிருக்கு. உரிமத்தை நீங்க மறந்துடலாம்."



கட்டுப்பாட்டாளர் சற்றே எரிச்சலுடன் தொடர்ந்தார். "அப்புறம், முதல்ல அந்த அம்மாவை ரேடியோவை அணைக்கச் சொல்லுங்க. இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க."