கொலையானவள் காத்திருக்கிறாள்

டெலிபோன் அலறியது.

அரசு வக்கீல் எடுக்கவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்து கொண்டிருந்தார். வருகிற வாரம் நீதிபதியாகப் பதவியேற்கப் போகிறவர் முதல் மணிக்கே ஓடிப்போய் போனை எடுத்தால் கௌரவம் என்னாவது?

மறுபடி அலறியது. போனால் போகிறதென்று எடுத்தார்.

வரவேற்பறையிலிருந்து ரிசப்ஷனிஸ்ட்.

"சார், உங்களைப் பார்க்க ஒரு பொண்ணு வந்திருக்கு."

"கட்சிக்காரங்களா?"

"இல்ல சார்."

"சாட்சியா?"

"அதுவும் இல்லையாம்."

"பின்ன யாரு?"

ரிசப்ஷனிஸ்ட் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க நடத்தின கேஸ்ல... கொலையானவங்களாம் சார்."

அவர் சிரித்தார். யாரோ பைத்தியம். திருப்பி அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தார்... அதற்குள் எந்த கேஸ் என்பதையும் ரிசப்ஷனிஸ்ட் சொல்லிவிட்டாள்.

குவாரி கேஸ்!

சிரிப்பு பாதியில் நின்றது.

அவரை அவராக்கியதே அந்த வழக்குதான். சலவை வேன் ஓட்டும் ஒருவன், அவன் மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள், தொட்டிலில் ஒரு பையன். ஒருநாள் மகளைக் காணவில்லை. காணவில்லை என்று பெற்றோர் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். சித்தி கேட்டால் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது உங்களுக்கு எதுக்கு என்றார்கள். ஒரே குழந்தை, ஒரே சமயத்தில் இத்தனை இடங்களில் இருந்ததைப் பார்த்து தலைமையாசிரியைக்குத்தான் முதலில் உறுத்தியது. போலீஸைக் கூப்பிட்டாள்.

வேனில் துளி ரத்தம் கிடைத்தது. நள்ளிரவில் வேன் குவாரிப் பக்கம் போனதைப் பார்த்த ஒரு சாட்சியும் கிடைத்தது. குவாரித் தண்ணீரை வற்ற வைத்துத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஓடிப்போய்விட்டாள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பெற்றோர் சாதித்தார்கள். சடலம் இல்லாமல் கொலை வழக்கா என்று எதிர்த்தரப்பு சிரித்தது.

நம் வக்கீல் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். இது இல்லாமல் கரும்பலகையே தெரியாத குழந்தை, இதை மேஜைமேல் வைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடுமா என்று கேட்டார். கோர்ட்டில் பாதிப் பேர் அழுதார்கள். இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை.

அதற்குப் பிறகு அவர் போகாத சட்டக் கல்லூரி இல்லை. ஒவ்வொரு சொற்பொழிவிலும் திரையில் அந்தக் குழந்தையின் போட்டோ பெரிதாக வரும். அவர் குரல் சரியாக அந்த இடத்தில் தழுதழுக்கும். அவள் செத்ததால் நல்லா இருந்தது யார் என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான். அவர்தான்!

கதவு திறந்தது.

அவருடைய ஜூனியர் வக்கீல், வாயாடிப் பெண், இன்றைக்கு வாயே திறக்காமல் அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து வந்தாள்.

தடித்த கண்ணாடி. செருப்பில் காய்ந்த மண். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் பழைய தழும்பு. அந்தத் தழும்பை அவர் பத்தடி உயரத்தில், எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறார்.

சந்தேகப்பட அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை.

"உட்காரும்மா," என்றார். தாம் உட்கார்ந்துவிட்டது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

அவள் அழாமல், அவசரப்படாமல் சொன்னாள்.

அன்றைக்குப் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். அப்பா அறைந்ததில் இரும்புக் கட்டில் விளிம்பில் தலை மோதியது. கண் விழித்தபோது வேனுக்குள், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். அசைய முடியவில்லை. முன் சீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசியது மட்டும் கேட்டது. பிறகு தூக்கினார்கள். வீசினார்கள். அவள் தண்ணீரில் விழவில்லை. பாறை இடுக்கில் முளைத்திருந்த புதரில் மாட்டிக்கொண்டாள். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு அம்மா, முனகல் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தாள். குவாரிக்கு மேலே நர்சரி வைத்திருப்பவள். தனிக்கட்டை.

"போலீஸ்ல சொல்லலாம்னு அவங்க சொன்னாங்க. போலீஸ் என்னைக் கொண்டுபோய் எங்க விடுவாங்கன்னு கேட்டேன். வீட்லதான்னாங்க. அதுக்கு மேல நான் பேசல. அவங்களும் என் முகத்தைப் பார்த்துட்டு அந்தப் பேச்சை எடுக்கல."

"அப்புறம் கேஸ் நடந்ததே... டிவி பார்க்கலையா நீங்க?" என்றார் வக்கீல்.

"பார்த்தேன் சார். நான் உயிரோட வந்தா அவங்க வெளில வருவாங்க. செத்தவளா இருந்தா அவங்க உள்ள இருப்பாங்க. அந்த வயசுக்கு அது நல்லாவே புரிஞ்சுது."

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் என்று ஜூனியர் கேட்டாள்.

அந்தப் பெண் வக்கீலைப் பார்த்தாள்.

போன வாரம் அவர் டிவியில் பேட்டி கொடுத்திருந்தார். பதவி வரும்போது மனசு விசாலமாகிவிடுமல்லவா? அந்தப் பெற்றோர் சிறையில் திருந்திவிட்டார்கள், முன்விடுதலை கேட்டிருக்கிறார்கள், தாம் எதிர்க்கப் போவதில்லை, சித்தியிடம் வளரும் மகனோடு வாழத் தாய் ஏங்குகிறாள் என்றெல்லாம் உருகியிருந்தார். விசாரணை இன்று மதியம்.

"தம்பிக்கு இப்ப அவங்க கையில அகப்படற வயசு சார். அவனும் எதையாவது தட்டிவிடுவான்."

வக்கீல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலில் தேன் குழைத்துக்கொண்டார்.

"இங்க பாரும்மா. உனக்கு இப்ப ஒரு வாழ்க்கை இருக்கு. நான் மதியம் போய் பலமா எதிர்ப்புச் சொல்லிடறேன். அவங்க வெளிய வர மாட்டாங்க. நீ எப்பவும்போல..."

"செத்தே இருக்கவா?"

ஜூனியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் கேப்பாங்க. அதுக்கடுத்த வருஷமும் கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க வருவீங்களா சார்?" நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். என்னைத் தேடினீங்களா?"

"குவாரியையே வத்த வச்சாங்களேம்மா."

"தண்ணிக்குள்ள தேடினீங்க. அண்ணாந்து பார்த்திருந்தா நர்சரி தெரிஞ்சிருக்கும். செத்தவளைத் தேடினீங்க சார். உயிரோட இருக்கறவளை யாருமே தேடல."

எத்தனையோ குறுக்கு விசாரணை செய்த மனுஷன்.  மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். 

ஜூனியர்தான் நடைமுறைக்கு வந்தாள். இந்தப் பெண் இப்போதே வெளியே வந்தால் கொலை வழக்கு உடையும். பெற்றோர் அப்பாவிகளாக, டிவி கேமராக்களுக்குக் கை காட்டியபடி வெளியே வருவார்கள். அரசாங்கம் நஷ்ட ஈடும் கொடுக்கும். குவாரியில் வீசினார்கள் என்று இவள் சொல்வாள். ஓடிப்போனவள் கதை கட்டுகிறாள் என்று அவர்கள் சொல்வார்கள்.

"அவங்க வாயாலேயே வரணும்," என்றாள் அந்தப் பெண். "வேன்ல பேசினது."

"இத்தனை வருஷம் வராதது இன்னைக்கா வரும்?" என்றார் வக்கீல். சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

ஜூனியரும் அதே நேரம் நிமிர்ந்தாள்.

"சார்... முன்விடுதலை வேணும்னா..."

"குத்தத்தை ஒத்துக்கணும். வருத்தம் தெரிவிக்கணும்."

கோர்ட்டில் தெரியாது தெரியாது என்று சாதித்தவர்கள், இன்று வெளியே வருவதற்காக ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். பதிவாகும் வாக்குமூலம்!

அன்று காலையிலிருந்து அந்த அறையில் ஒரு வருங்கால நீதிபதி இருந்தார். இப்போதுதான் ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார்.

முன்விடுதலைக் குழுவின் தலைவியான ஓய்வுபெற்ற நீதிபதிக்கு வக்கீலே போன் செய்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தலைவி ஒரு நிபந்தனை போட்டார். கைதிகளை யாரும் மிரட்டக்கூடாது, சொல்வது அவர்களுக்கு எதிராகத் திரும்பலாம் என்பதை முதலிலேயே எச்சரிப்பேன், அதற்குச் சம்மதமென்றால் அந்தப் பெண் வந்து உட்காரட்டும் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"உங்க பதவியேற்பு?"

"அது இனிமே நடக்காதுங்க, மேடம்."

சொன்னபோது குரல் தழுதழுத்தது. இந்தத் தடவை ஒத்திகை இல்லை.

சிறைச்சாலையின் கூட்ட அறை. நீள மேஜை. கிறீச்சிடும் மின்விசிறி. குழுவில் மூன்று பேர். ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவி. பின்வரிசையில் ஜூனியர், அவள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இன்னொரு பெண். கைதிகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விடுதலை தருகிறவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது பின்வரிசை யாருக்கு வேண்டும்?

தலைவி எச்சரிக்கையை நிதானமாக வாசித்தார். புரிகிறது, புரிகிறது என்று இருவரும் தலையாட்டினார்கள்.

அப்பா ஆரம்பித்தார். பிரமாதமாக அழுதார். ஆமாம், அடித்தேன். கை தவறிவிட்டது. குழந்தை செத்துவிட்டது. பயத்தில் குவாரியில் போட்டோம். கோர்ட்டில் பொய் சொன்னோம். தினமும் துடிக்கிறோம்.

வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"செத்துட்டான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நாடி பார்த்தேங்க. இல்ல."

வக்கீல் தலையசைத்தார். அம்மாவிடம் திரும்பினார். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மா பயந்துவிட்டாள். அவர் அழுத அழுகைக்கு அவரை மட்டும் விட்டுவிட்டால்? தான் அவரைவிட நல்லவள் என்று காட்ட வேண்டாமா?

"அவர் சொல்றது பொய்ங்க. மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு வேன்ல நான்தான் கெஞ்சினேன். இவர் கேக்கல."

அப்பாவின் கண்ணீர் சட்டென்று நின்றது.

"நீயா கெஞ்சின? பொழைச்சு எழுந்தா நம்மளைக் காட்டிக் குடுத்துடுவா, மூச்சு நிக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

"தூக்கினது நீங்க."

"காலைப் புடிச்சது நீ."

நல்லவர் யார் என்ற போட்டியில் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தோற்றார்கள். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சேதான் ரெண்டு பேரும் வீசினீங்க."

"ஆமாங்க," என்றார்கள் இருவரும். "ரொம்ப வருத்தப்படறோம்."

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்.

அந்தப் பெண் எழுந்து முன்னால் வந்தாள்.  கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா," என்றாள்.

அம்மா பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதடுகள் ஏதோ ஒரு செல்லப் பெயரைத் தேடின. கை தானாக நீண்டது. அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். கை காற்றிலேயே நின்றது.

அப்பாவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அவர் முகத்தில் பல்ப் எரிந்தது!

"உயிரோட இருக்காளே! பார்த்தீங்களா? அப்ப நாங்க கொலையே பண்ணல. எங்களை விடுங்க."

"வாஸ்தவம்," என்றார் வக்கீல். "கொலை நடக்கல. அந்தத் தண்டனையை ரத்து பண்ணச் சொல்லி நானே மனு போடறேன்."

அப்பா கைதிச் சட்டையின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டார்.

"வெளிய இன்ஸ்பெக்டர் நிக்கறார். கொலை முயற்சி, தடயத்தை மறைச்சது, இன்னும் ரெண்டு மூணு இருக்கு. இப்ப நீங்க பேசினதை அப்படியே எடுத்துக்குவார்."

"அதான் இத்தனை வருஷம் உள்ள இருந்துட்டோமே?"

"அது பண்ணாத கொலைக்கு. இது பண்ணின காரியத்துக்கு."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சாயங்காலமே வக்கீலின் நீதிபதி பதவி காற்றில் பறந்தது. உயிரோடு இருப்பவளைக் கொன்றதாக நிரூபித்த மேதை என்று டிவியில் கிழித்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. சட்டக் கல்லூரிகளின் அழைப்புகள் நின்றன. புது வழக்கில் அவரே சாட்சி என்பதால் வேறொரு வக்கீலிடம் அது போனது. அந்தப் பெண்ணின் சித்தி மட்டும் போனில் வெகுநேரம் அழுதாள். தம்பி இனிமேலும் அவளிடம்தான் இருப்பான். அக்கா வருவாளா என்று அவன் கேட்டானாம்.

சில நாள் கழித்து கோர்ட் வாசல் படியில் அந்தப் பெண்ணை வக்கீல் பார்த்தார். நர்சரி அம்மா ஒரு பூச்செடித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர்தானா அந்த ஆள் என்பதுபோல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கைகூப்பினார். மன்னிச்சிடும்மா என்றார். அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

தம்பியைப் பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறார்களாம். செடி அவனுக்கு.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

"காலைல முனிசிபல் ஆபீசுக்குப் போயிருந்தேன் சார். என் இறப்புச் சான்றிதழை ரத்து பண்ணணுமே."

"பண்ண மாட்டேங்கறாங்களா?"

"சேச்சே, ரொம்ப நல்லவங்க. உடனே பண்ணிடலாமாம்... பொண்ணு உயிரோடதான் இருக்கான்னு அப்பாவும் அம்மாவும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."