மண்டையோட்டுச் சட்டைக்காரன்

கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது மழைச்சாரல். அதன் பின்னாலேயே ஒரு மண்டையோடு வந்தது.

ராஜப்ரியா கையிலிருந்த பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டாள். கறுப்புச் சட்டை... அதன் நெஞ்சில் வெள்ளை வெளேரென்று பல்லிளிக்கும் மண்டையோடு... அதற்கு மேலே தோளைத் தாண்டி வழியும் ஈர முடி... அந்த முடிக்கு நடுவே இரண்டு கண்கள். கண்கள் மட்டும் தவறான முகத்துக்கு வந்து சேர்ந்தவை போல, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளையின் கண்களைப் போல மிரண்டிருந்தன.

"ஏனுங்க... பஸ் ஸ்டாண்டுல ஆஸ்பத்திரி ஜீப்பை நிறுத்தி ரத்தம் வேணும்னு கேட்டாங்க. நான் ஓ நெகட்டிவ்தானுங்க."

குரலும் பொருந்தவில்லை. அந்தச் சட்டைக்கு ஓர் உறுமலாவது வந்திருக்க வேண்டும். வந்ததோ கோயிலில் செருப்பு விடும் இடம் விசாரிக்கிற குரல்.

குன்னூரில் அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ராஜப்ரியா எத்தனையோ பேரிடம் ரத்தம் எடுத்திருக்கிறாள். இப்படி ஒருவரிடம் எடுத்ததில்லை. மாடியில் எஸ்டேட் தொழிலாளி ஜெஸிந்தா பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் கிடக்கிறாள். ஓ நெகட்டிவ் லேசில் கிடைக்கிற வகையில்லை. ஆனாலும்... இவனா?

இவனைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவள் குடியிருக்கும் வெள்ளிமட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தேயிலை விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் மூடிக் கிடக்கும் ஃபேக்டரியில் வாரக் கடைசியில் முடி வளர்த்த மூன்று பேர் கூடிப் பேய் போல அலறுகிறார்கள். கஞ்சா அடிக்கிறார்கள்... சாத்தானைக் கும்பிடுகிறார்கள்... சேவல் அறுத்து ரத்தம் குடிக்கிறார்கள். அப்பா வேலாமணியின் மளிகைக் கடையில் தினமும் நடக்கும் பேச்சு இது.

"பேரு?"

"கீர்த்திவாசன்."

"மஞ்சக்காமாலை வந்திருக்கா?"

"இல்லீங்க."

"பச்சை குத்தியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

அவள் சற்றுத் தயங்கினாள். "கஞ்சா... ஊசி... அந்த மாதிரி?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் மெல்ல ஒன்று அணைந்தது போலிருந்தது. "டீ குடிப்பேனுங்க. வெல எறங்குனதுல இருந்து கொஞ்சம் அதிகமாவே குடிக்கிறேன். நாமளாச்சும் குடிக்கலைன்னா எப்படிங்க?"

சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டு எடுத்துச் சோதித்துவிட்டு, கட்டிலில் படுக்கச் சொன்னாள். ஊசியைக் கையில் எடுத்ததும் அவன் முகம் வெளுத்தது.

"ஏனுங்க... ஒரு உதவி. ஊசி போடறப்ப ஏதாச்சும் பேசறீங்களா? ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துரும்."

ரத்தம் குடிக்கிறவனாம்... ரத்தத்தைப் பார்த்தால் மயக்கமாம்... ராஜப்ரியாவுக்குத் தலை சுற்றியது. ஏதாவது பேசவேண்டுமே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "அந்த ஃபேக்டரில என்னதான் பண்றீங்க?"

"ஹெவி மெட்டல்ங்க."

"பழைய இரும்பா? ஃபேக்டரி மெஷினைக் கழட்டி விக்கறீங்களா?"

கண்ணை இறுக மூடியிருந்தவன் சிரித்துவிட்டான். சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. மண்டையோட்டுக்கு மேலே ஒரு கன்னக்குழி... "அது ஒரு பாட்டு வகைங்க. நாங்க ஒரு பேண்டு வெச்சிருக்கோம். மத்த நாளெல்லாம் மாமா பேக்கரில வர்க்கி பிஸ்கட் போடறேன்."

"வர்க்கியா?"

"ஆமாங்க. மாவு வாசம் அடிக்கலீங்களா?"

அடித்தது. மழையும் நெய்யும் கலந்த ஒரு வாசம். அவள் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அவன் போன பிறகு மழை விட்டு, ஜன்னலுக்கு வெளியே மலை முழுதும் பளபளவென்று கழுவி வைத்தது போல இருந்தது. ஜெஸிந்தா பிழைத்துக்கொண்டாள் என்று மாடியிலிருந்து செய்தி வந்தது. ராஜப்ரியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மாலை அவள் வீடு திரும்பியபோது கடையில் கூட்டமாக இருந்தது. சாமான் வாங்க வந்த கூட்டமில்லை. இலை விலை படுத்ததிலிருந்து வெள்ளிமட்டத்தில் யாரும் எண்ணெய் கூட முழு பாட்டில் வாங்குவதில்லை. வேலையற்று வந்து நிற்கிறவர்கள்தான். நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார் இசக்கிமுத்து. அவர் வீட்டுச் சேவலைக் காணவில்லையாம்.

"அவனுங்க என்னைக்கு அங்க அலற ஆரம்பிச்சானுங்களோ, அன்னைலேர்ந்துதான் வெல எந்திரிக்கவே மாட்டேங்குது. நல்லா யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். இலைக்கு விலை வைக்கிறவர்கள் எங்கோ கண்காணாத இடத்தில் இருந்தார்கள். இந்த மூன்று பேர் பக்கத்திலேயே இருந்தார்கள்.

வேலாமணி மகளைப் பார்த்தார். "ஏனம்மிணி, அந்த முடிக்காரன் உங்க ஆஸ்பத்திரில இருந்து கையில பஞ்சோட எறங்கி வந்தானாம். பூசைக்கு ரத்தம் வாங்கிட்டுப் போறான்னு பேசிக்கறாங்க. நெசமா?"

எல்லாக் கண்களும் அவள் மேல். 'வாங்கவில்லை, கொடுத்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும்... உனக்கு அவனை எப்படித் தெரியும்... என்ன பேசினான்... நீ ஏன் சிவக்கிறாய்...

"நான் பாக்கலீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாக்கலையாமே... அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அவன் கன்னத்தில் குழி எந்தப் பக்கம் விழுகிறது என்பது வரைக்கும் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கக் கட்டடத்தில் கூடி, போலீசுக்கு எழுதிக் கொடுத்து மூன்று பேரையும் விரட்டுவதாக முடிவானது. அதைக் கேட்ட பின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு நடந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் பரமசிவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "மேல போ கண்ணு. பஞ்சு வேணுமா?"

படியேறும்போதே காலடியில் பலகை அதிர்ந்தது. ஒரு காலத்தில் இலையை வாட்டுவதற்குப் பரப்பிய நீண்ட மாடி. இப்போது ஓர் இலை இல்லை. மூலையில் மூன்று பேர். டிரம் அடித்தவனை அவளுக்குத் தெரியும்... மரியஅந்தோணி, சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிறவன். கிட்டார் வாசித்த வழுக்கைத் தலைக்காரர் அப்பாவுக்கே பாலிசி போட்டுக் கொடுத்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். முடி வளர்த்த மூன்று பேரில் முடியே இருந்தது இருவருக்குத்தான். நடுவே கீர்த்திவாசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க...

அது பாட்டா, இடி விழுந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. நெஞ்சுக்கூடு கிடுகிடுத்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது, நிற்கவேண்டும் போலவும் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் சட்டென்று நிறுத்தினான். மற்ற இருவரும் டீ போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்கள்.

"உக்காருங்க" என்றான். தன் சட்டை நுனியால் பெஞ்சைத் துடைத்தான். அலறிய அதே வாய்தானா இது?

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? ஒரு வார்த்தை புரியலை."

"எங்கப்பாவப் பத்துன பாட்டுங்க." அவன் பார்வை ஜன்னலுக்குப் போனது. "எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்குது. போன மழைக்குப் பறிச்ச இலைய எந்த ஃபேக்டரியும் எடுத்துக்கல. அப்பா மூட்டையத் திரும்பக் கொண்டுபோக மனசில்லாம, ரோட்டுலயே கொட்டிட்டு வந்தாரு. வந்தவரு யாரையும் திட்டலீங்க. அழுகவும் இல்ல. அன்னைலேர்ந்து அவ்வளவாப் பேசறதே இல்ல. அவரு கத்தியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன்... அதான் இது."

வந்த வேலையைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக ஆரம்பித்தாள். நாளைய கூட்டம், சேவல், போலீஸ், பூசைக்கு ரத்தம் வாங்கின கதை...

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கதானுங்க ரத்தம் எடுத்தீங்க... நீங்க சொல்லலீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பரவால்லீங்க" என்றான் மெதுவாக. "பொம்பளப் புள்ள... ஊட்டுல சங்கடம் வரும்."

கத்தியிருக்கலாம். இந்தப் 'பரவால்லீங்க'வுக்கு அவன் கத்தியிருந்தால் எவ்வளவோ மேல். அவளுக்குக் கண் கலங்கி, அது கோபமாக வெளியே வந்தது. "உங்களுக்குக் கோவமே வராதா? என்னத் திட்டக்கூட மாட்டீங்களா?"

"கோவத்த எல்லாம் அதுல போட்டுட்டேனுங்க" என்று மைக்கைக் காட்டினான். "மத்தவங்ககிட்டக் காட்ட மிச்சம் இருக்கறதில்ல."

திரும்பி நடக்கும்போது தேயிலைச் சரிவெங்கும் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாதை தெரியவில்லை. மனசுக்குள்ளும் அதே கதிதான். ஏன் இவ்வளவு வலிக்கிறது? யாரோ ஒரு பேக்கரிக்காரன்... அவன் என்ன நினைத்தால் எனக்கென்ன...

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் நிரம்பியிருந்தது. வேலாமணி எழுந்து, நல்ல மனிதர்கள் பயத்தில் பேசுவது போலவே பேசினார். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார். ஊருக்கு ஆகாது என்றார். "கடைசியா, ரத்தம் வாங்குன விசயம்..." என்று ஆரம்பித்தபோது பெண்கள் வரிசையிலிருந்து ராஜப்ரியா எழுந்தாள்.

"அவரு வாங்கலீங்கப்பா. குடுத்தாரு."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நாந்தான் எடுத்தேன். அதுலதான் ஜெஸிந்தாக்கா பொழச்சாங்க. அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். ஃபேக்டரிக்கும் நேத்துப் போய்ப் பாத்தேன். அங்க சேவலும் இல்ல, சாத்தானும் இல்ல. மரியஅந்தோணியும் நம்ம பாலிசிக்காரரும்தான் இருக்காங்க."

பின்வரிசையில் இசக்கிமுத்து இருமினார். "சேவலு முந்தாநாளே வந்துருச்சுங்க."

"அத இப்பச் சொல்றியா?" என்றார் வேலாமணி.

"யாரும் கேக்கலீங்களே."

யாரோ சிரித்தார்கள். வேலாமணி சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையனப் பத்தி இன்னும் என்னம்மிணி தெரியும் உனக்கு?"

"இன்னும்... தெரியலீங்கப்பா" என்றாள் அவள். சொல்லும்போதே முகம் சூடேறியது. "தெரிஞ்சுக்கணும்னு இருக்குது."

அப்பா கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் தனியாக நடந்தார். பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அங்கேயே நின்றார்.

"தல வலிக்குதம்மிணி. சுக்குக் காப்பி போடு."

அவள் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவனுங்க பாட்டு ஒண்ணும் வெளங்கல. இலைய ரோட்டுல கொட்டறது மட்டும் வெளங்குச்சு." காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கடைக்கு வர்றவங்க எத்தன பேரு கொட்டிட்டு வந்து ஒண்ணும் பேசாம நின்னுருக்காங்க... அவன் முடிய வெட்டுவானாமா?"

"கேக்கலீங்கப்பா."

"கேளு. வெட்டாட்டியும்..." மீதியைச் சொல்லாமல் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். "சக்கர பத்தல."

மறுநாள் வேலை முடிந்து அவள் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிமட்டம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் அவன் நின்றிருந்தான். இன்று வெள்ளைச் சட்டை. முழங்கையில் மாவு.

"உங்கப்பா சொன்னாருங்க" என்றான். "கூட்டத்துல நீங்க பேசுனத."

"ம்."

"எதுக்குங்க பேசுனீங்க? ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுமே..."

எதற்கு? வழி நெடுக அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். கூரை விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கியது. அவன் முடி நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க பாட்டு எனக்குப் பிடிக்கலை."

"தெரியுங்க."

"இனிமேலும் பிடிக்குமான்னு தெரியலை."

"சரிங்க."

"ஆனா... உங்களப் பிடிச்சிருக்குது. எப்படின்னு எனக்கே புரியல."

அவன் காதில் கையைக் குவித்தான். "என்னுங்க? நேத்து உங்கப்பாவுக்காகச் சத்தத்தக் கூட்டி வெச்சுட்டோம். காது கொஞ்சம் மந்தமா இருக்குது."

பஸ் உறுமியது. கூரையில் மழை அடித்தது. அவள் மூச்சை இழுத்து, தொண்டை கிழியச் சொன்னாள்.

"உங்களப் பிடிச்சிருக்குதுன்னு சொன்னேன்."

சரியாக அந்த நொடியில் டிரைவர் எஞ்சினை அணைத்திருந்தார். பஸ் ஜன்னல்களில் வரிசையாக வெள்ளிமட்டத்து முகங்கள். முன் சீட்டில் இசக்கிமுத்து. எல்லோரும் தெளிவாகக் கேட்டிருந்தார்கள்.

ராஜப்ரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூமி பிளக்கக் கூடாதா... முந்தானைக்கு மறுபுறம், மிக அருகில், அவன் குரல் வந்தது. மாடி முழுதும் அதிர அலறுகிறவனுக்கு இப்போது பாதிக் குரல்தான் எழும்பியது.

"மொதத் தடவையே கேட்டுருச்சுங்க. இன்னொருக்கா கேக்கணும் போல இருந்துச்சு... எனக்கும்தானுங்க. ரொம்பப் பிடிச்சிருக்குது."

அவள் முந்தானையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"கேக்கலை" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."