அணைக்குள் நடந்த தடம்

மலையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கிய பிறகு படகை எடுத்தார்களா, படகை எடுத்த பிறகு மஞ்சு இறங்கியதா என்பது சோலைமலைக்கு இப்போது சரியாக நினைவில்லை. மாலை நான்கு மணி இருக்கும். கைக்கருவியில் கோடு நேராக இல்லாதது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஏலக்காய் எடுக்கும்போது அவன் மனைவி தமிழ்செல்வியை விரியன் கடித்திருந்தது. எஸ்டேட்டிலிருந்து அணையைச் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம். தண்ணீரைக் குறுக்காகக் கடந்தால் சீக்கிரம் அக்கரை. அங்கே போடிக்குப் போக ஜீப்பு காத்திருந்தது. எதிரே எதுவும் தெரியாத வெள்ளையில் வழிகாட்ட, தோட்டம் அளக்கும் ஜிபிஎஸ் கருவிதான் இருந்தது. அக்கரைக்கு அதில் ஒரே ஒரு தடம். போன கோடையில் அணை வற்றிக் கிடந்தபோது, கூட வேலை பார்த்த விஜயபாண்டியோடு சேற்றில் அவன் நடந்து பதிவான தடம்.

படகுக்கார அமாவாசை துடுப்புப் போட்டான்.

"இடது பக்கம். இப்ப வலது."

"தண்ணியில எதுக்குண்ணே இப்படி வளைஞ்சு போறோம்? உங்க கையில இருக்குற பொட்டி குடிச்சிருக்கா?"

"அடியில மரக்கட்டை நிக்கிது. கோட்டை விட்டு விலகுனா படகு கிழிஞ்சுரும். வெரசா போடு."

அழுகிய சேற்றின் வாடை மெல்ல ஏறி, தமிழ்செல்வியின் சேலையில் ஒட்டியிருந்த ஏலக்காய் மணத்தை மூடிக்கொண்டது. துடுப்பிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளிக்கும் பின்னால் சற்றுத் தாமதித்து இன்னொரு துளி தூரத்தில் விழுவதுபோல் கேட்டது.

நடு அணையில் கோடு நூல்சிக்கலாகச் சுருண்டிருந்தது. சோலைமலைக்கு அந்த இடம் தெரியும். அங்கேதான் விஜயபாண்டி இடுப்புவரை புதைந்தான். உடனே ஆள் கூப்பிட ஓடினேன் என்று சோலைமலை எல்லோரிடமும் சொல்லியிருந்தான். ஓடவில்லை. கை கொடுத்தால் தானும் போய்விடுவோம் என்று அரை மணி நேரம் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கூப்பிடும் குரல் நிற்கும்வரை. அதை யாரும் பார்க்கவில்லை. கருவி வரைந்து வைத்திருந்தது.

"இங்க மட்டும் நேரா போ, அமாவாசை."

படகு திரும்பியது. வளைந்தது. மறுபடி வளைந்தது.

"நேரா போன்னேன்ல."

"துடுப்பைத் தூக்கிட்டேண்ணே."

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். காற்றில்லை. நீரோட்டமில்லை. படகு சுற்றியது. திரையில் அம்பு, பழைய கோட்டின்மேல் இம்மி பிசகாமல். ஒரு சுற்று. இன்னொன்று.

தமிழ்செல்வியின் இமைகள் தொங்கின. "என்னங்க," என்றாள். "கீழருந்து உங்களத்தான் கூப்புடுறாங்க."

"யாரும் இல்ல, செல்வி."

"கை கேக்குறாங்க."

அவன் கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

அரை மணி நேரம். பிறகு படகு தானாக நேரானது.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர், அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

தமிழ்செல்வி அன்று இரவே இறந்தாள். அமாவாசை படகை விற்றுவிட்டு, பொட்டிபுரத்தில் அக்கா வீட்டோடு இருக்கிறான். விஜயபாண்டியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. சோலைமலை வேலையை விட்டு ராசிங்காபுரத்துக்கு வந்துவிட்டான். கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பான்.

திரையில், நடு அணையின் அந்தச் சிக்கலிலிருந்து புதிதாக ஒரு கோடு கிளம்பியிருக்கிறது. ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக இறங்கி, அடிவாரத்து முந்தலைத் தாண்டி, போன வாரம் ஊர் எல்லையில் நின்றது.

இன்று காலை அதன் நுனி வீட்டுக்குள் இருந்தது.