வற்றிய கால்வாயில் ஒரு படகு

படகு வந்து கதவில் இடிக்கும் சத்தம் ஹைலாவுக்குப் புதிதல்ல. ப்ரூஜ் நகரத்தில் கால்வாயோர வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், நிலவறையிலிருந்து கால்வாய்க்குத் திறக்கும் தண்ணீர்க் கதவில் அந்த மந்தமான மரச்சத்தத்தைக் கேட்காத நாளே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அது கேட்டதும் அவள் கையிலிருந்த கம்பளி நூல் நழுவி விழுந்தது. தூர் வாருவதற்காக மதகை அடைத்திருந்தார்கள். கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எலியா இருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார் லைஸ்பெத், மீன் செதிலைச் சுரண்டியபடி. "சேறு காஞ்சதுல அதுங்களுக்குத்தான் கொண்டாட்டம்."

"எலி இப்படியா இடிக்கும்?"

"எங்கண்ணன் ஊர்ல இல்லன்னா உங்களுக்கு எல்லாந்தான் கேக்கும்."

அண்ணன் ஜிலிஸ், கப்பல்களுக்கு வழிகாட்டி. வெனிஸ்காரர்களின் மிளகுக் கப்பலை மணல்திட்டுகளுக்கு நடுவே அழைத்துவரப் போயிருந்தான். கடல் ஊரைவிட்டு விலகிக்கொண்டே போகிறது, வழி வருஷத்துக்கு வருஷம் குறுகுகிறது என்று புலம்பிவிட்டுத்தான் கிளம்பினான். நேற்றே திரும்பியிருக்க வேண்டும்.

மறுபடியும் இடித்தது.

ஹைலாவால் உட்கார முடியவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைப் படிகளில் இறங்கினாள். ஈரக் கம்பளி மூட்டைகளின் வீச்சத்துக்கும் அழுகிய சேற்று நாற்றத்துக்கும் அடியிலிருந்து, இந்த ஊர் மறந்தே போயிருந்த ஆழ்கடலின் உப்பு வாசனை மெல்லக் கிளம்பி அவள் நாக்கிலேயே கரித்தது. கதவுக்கு அப்பால் துடுப்பு ஒன்று தண்ணீரை அளைந்தது.

"ஹைலா. கதவத் திற. குளிருது."

ஜிலிஸின் குரல்தான்.

"திறக்காதீங்க அண்ணி!" மேல்படியில் லைஸ்பெத். குரலில் கேலி போன இடம் தெரியவில்லை.

"உங்கண்ணன்டி! குரல் தெரியலியா?"

"தெரியுது. தண்ணியே இல்லாம படகுல எப்படி வந்தாரு?"

ஹைலாவின் கை தாழ்ப்பாளில் நின்றது.

"குளிருது ஹைலா."

காய்ச்சலில் கிடக்கும்போது அவன் இப்படித்தான் முனகுவான். அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே பனிமூட்டம். கீழே வெடித்துக் கிடந்த சேறு. அதற்கு மேலே, எதையும் தொடாமல், லேசாக ஆடியபடி படகு.

அதில் ஜிலிஸ் உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அவன் தலைமுடி முழுதும் மேல்நோக்கி எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அலைந்தது. காற்று இல்லை.

அவன் வாயைத் திறந்தான். நீர்க்குமிழிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைகளைத் தாண்டி மேலே போயின.

ஹைலா கத்தினாள். சத்தம் வரவில்லை. உதட்டை உரசிக்கொண்டு ஏதோ மேலே போனது.

திரும்பினாள். ஓட முயன்றாள். இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் கால்கள் கனத்தன.

படியில் லைஸ்பெத் இருந்தாள். வாய் பிளந்திருந்தது. முடி மேலே விரிந்து அலைந்தது. அவள் பாதங்கள் படியைத் தொடவில்லை.