புளிப்பில் திறக்கும் வாய்கள்

குமிழிகளை இடாத தட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

உச்சிப்பொழுதிலும் ஊசிமுனை வெளிச்சம் புகாத நுண்ணோக்கி அறையில், மின்விசிறியின் ஓயாத முனகலும் சூடேறிய தூசியின் மணமும் சூழ்ந்திருக்க, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வில்லையில் பொருத்தினாள். மூடியில் 'வெறும் தட்டு' என்று எழுதியிருந்தது; எழுத்து அவளுடையதே. ஆயினும் உள்ளே, தம்பியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில், மணிமணியாகப் பச்சை ஒளி.

அவன் உடலில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லை. அதைச் செல்லுக்குள் சேர்க்கத்தான் லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழிகளை அவள் செய்துவந்தாள். நொதியையும் சாயத்தையும் சுமந்த அவை வழியெல்லாம் வாய் மூடிக் கிடக்கும். செல் அவற்றை விழுங்கித் தன் பைக்குள் அடைக்க, அப்பை மெல்லப் புளிக்க, வாய் திறந்து சுமையைக் கொட்டும். அப்போதுதான் பச்சை எரியும். தம்பிக்கு இன்னும் ஒரு துளியும் கொடுக்கவில்லை. இந்தத் தட்டுக்கும் இல்லை.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

சக ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "தட்ட மாத்தி வச்சிருப்பம்மா. கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு ஆபீஸ் முழுக்கத் தேடினேனே, அந்தக் கதைதான்." தம் பகடிக்குத் தாமே சிரித்தபடி வெளியேறினார்.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, வாயெல்லாம் புளிக்குது. கண்ண மூடினா பச்சப் பச்சையாத் தெரியுது. மூச்சு வேற வாங்குது."

"எப்பலேர்ந்துடா?"

"காலையிலேர்ந்து. நீ பயந்துருவேன்னுதான் சொல்லல."

அவன் மூச்சு அவள் காதில் இழுபட்டது. இழுத்தபோது வில்லையின் அடியில் தட்டு ஒளிர்ந்தது. விட்டபோது மங்கியது. மீண்டும் ஒளிர்ந்தது.

விளக்கைப் போட்டாள். செல்களை வளர்க்கும், செந்நிறமாக இருக்கவேண்டிய ஊட்டநீர் மஞ்சளாகியிருந்தது. புளித்துவிட்டது. தட்டை மேசைக்குக் கொண்டுபோய், பிப்பெட் குழாயால் பழையதை உறிஞ்சி நீக்கிப் புதியதை ஊற்றினாள். சிவப்பு படர்ந்தது.

"அக்கா... இப்பத் தேவலாம்க்கா. உள்ள ஏதோ இதமா எறங்கிச்சு. ஏதாவது வேண்டிக்கிட்டியா?"

"ஆமாடா. பேசாம படுத்துக்க."

அவள் வேண்டியிருக்கவில்லை. இப்போது வேண்ட முயன்றாள். நாவில் பழகிய துதி முதலடியிலேயே இற்றுப்போயிற்று. கைப்பேசியைக் காதோடு அணைத்தபடி, இன்னும் ஊட்டநீர் எடுக்கக் குளிரறைக்கு ஓடினாள். தட்டு மேசைமேல் கிடந்தது.

கிருமி புகுந்து கெட்ட தட்டு என்று ஐயம் எழுந்தால் அதைக் கணமும் விட்டுவைக்கக்கூடாது. உடனே ப்ளீச் ஊற்றிச் செல்களைக் கொன்றுவிடவேண்டும். அந்த ஆய்வகத்தில் யார் சேர்ந்தாலும் முதலில் கற்பது அதுதான். அவளும் அந்தச் சக ஆய்வாளருக்குப் பலமுறை செய்துகொடுத்த உதவி.

காதில் தம்பியின் அலறல் வெடித்தது.

புட்டியோடு ஓடிவந்தாள். காரமான ப்ளீச் நெடி மூக்கைத் தாக்கியது. கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார் அவர்.

"கெட்டுப்போன தட்டுக்குப் போய்ச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கியே. விடும்மா, நானே முடிச்சுட்டேன்."

கைப்பேசியில் இப்போது அம்மாவின் குரல். "அடியே, இவன் ஏன்டி இப்படி வெளுத்துப் போறான்? கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்க மாட்டேங்கிறான். மூச்சே இல்லடி!"

செல் வளர்க்கும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டரின் கதவிடுக்கில் பச்சைக் கீற்று.

திறந்தாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று, காய்ச்சல்காரன் மூச்சாக முகத்தில் படிந்தது. அடுக்கடுக்காகத் தம்பியின் செல் தட்டுகள். நுண்ணோக்கி இல்லை. பச்சையை எரியவைக்கும் நீல விளக்கு இல்லை. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது ஒளி. ஏறியது. இறங்கியது. ஏறியது.

மேலடுக்கில் சிவப்பு வெளிறிக்கொண்டிருந்தது. அடுத்த அடுக்கும். அதற்கடுத்ததும். மஞ்சள். எங்கும் மஞ்சள். அவளிடம் இருந்தது ஒரே புட்டி. ஒரே கை.

"என்னம்மா, யாருக்கு என்ன?" பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"கண்ணு மட்டும் தொறந்துக்கிச்சுடி," என்றாள் அம்மா. குரல் தாழ்ந்துவிட்டது. "பச்சையா இருக்குடி. ஒன்னத்தான் தேடுது."

தட்டுகள் யாவும் ஒருசேர மூச்சை உள்ளிழுத்தன.

வெளிவிடவில்லை.